நான்கு மரங்களும் மறைந்திருந்த ஊரும்: கன்ஸ்ரன் ஹோல் இல்லத்தை வாசித்தல்

இலக்கியப் படைப்பொன்றை அணுகும் முறையிலேயே ஒரு கட்டடத்தையும் அணுகலாம் என்பது புதிய கருத்தன்று. கட்டடமும் ஒருவரால் ஆக்கப்படுவது. ஆக்குவித்தவரின் நோக்கும் ஆக்கியோரின் உழைப்பும் அதில் உண்டு. அது யாருடைய கண்ணுக்காக ஆக்கப்பட்டது என்ற கேள்வியும் எழவே செய்யும். ஆயினும் வரலாற்றுப் புகழ் வாய்ந்த இல்லங்களைப் பார்த்து வருவோர் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் இரு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. மாமனிதர் நடமாடிய தளத்தில் தாமும் நடந்த மெய்சிலிர்ப்பைப் பதிவுசெய்வன ஒரு வகை. அம்மாமனிதரும் மனிதரை விலைக்கு வாங்கியவரே என்று கண்டதும், வந்த வாசலாலேயே வெளியேறிவிடுவன மற்றைய வகை. முற்போக்கு நோக்குடையோர் எனத் தம்மைக் கருதும் நம்மிடையே இரண்டாவது வகைக்கே செல்வாக்கு அதிகம். இவ்விரண்டும் போதா என்பது இக்கட்டுரையாசிரியரின் எண்ணம். அதனைச் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்ட 'பாடம்', ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள கன்ஸ்ரன் ஹோல் என்னும் இல்லமாகும்.

அவ்வில்லத்தின் தலைவராக இருந்த ஜோர்ஜ் மேசன் (1725–1792) நம்மவர் அதிகம் கேள்விப்படாத பெயர். அவர் சனாதிபதிப் பதவியை வகித்தவரல்லர், கட்சியொன்றை அமைத்தவருமல்லர், வாதநோயைக் காட்டிப் பொதுப்பணியிலிருந்து ஒதுங்கி வீட்டிலிருப்பதையே விரும்பியவர். எனினும் 1776 யூன் 12ஆம் திகதி வில்லியம்ஸ்பேர்க் நகரிற் கூடியிருந்த பேரவை ஏற்றுக்கொண்ட வேர்ஜீனிய உரிமைப் பிரகடனத்தின் மூலவரைவு பெருமளவு அவர் ஆக்கியதே. சில வாரங்களின் பின் ஜெபர்சன் எழுதிய விடுதலைப் பிரகடனம் அவ்வரைவின் வழிவந்ததென்பதை ஆய்வாளர் ஏற்பர். 1787இற் பிலடெல்பியாவில் அரசியல் யாப்பு உருவானபோது இறுதிவரை உடனிருந்தும் கையொப்பமிட மறுத்த மூவருள் மேசனும் ஒருவர். உரிமைப் பிரகடனம் எதுவும் யாப்பில் இல்லை என்பதை அவர் தம் மறுப்புரையின் தொடக்கத்திலேயே வைத்தார். அயலவரும் பழைய நண்பருமான ஜோர்ஜ் வாஷிங்டனுடனான உறவு அத்துடன் முறிந்தது. 1791இல் நிறைவேறிய முதற் பத்துத் திருத்தங்களில் அவர் வாதத்தின் பயனைக் காணலாம்.

வாஷிங்டன் நகருக்குத் தெற்கே, பொற்றோமக் நதி அகன்று செல்லுமிடத்தில், மேசன் நெக் எனப்படும் நிலமுனை உள்ளது. ஐரோப்பியர் வருவதற்கு முன் அங்கு வாழ்ந்த டோக் மக்களின் பெயரால் முன்னர் அது டோக்ஸ் நெக் என வழங்கியது. பெயர் மாறிய விதமே நிலம் கைமாறிய கதையைச் சொல்லிவிடுகிறது. வளைந்து செல்லும் பாதையின் முடிவில் இல்லம் தென்படும்போது பலருக்குச் சிறிது ஏமாற்றமே உண்டாகும். வாஷிங்டனின் மவுண்ட் வேர்ணன் மாளிகையின் நெடுந்தூண்கள் இங்கில்லை. செங்கற் சுவர், மூலைகளில் வெளிறிய மணற்கல், இரு புறமும் இவ்விரண்டு புகைபோக்கிகள், கூரைச் சரிவிற் சிறு யன்னல்கள். ஒன்றரை மாடியே கொண்ட, அடக்கமான வீடு.

உள்ளே நுழைந்ததும் அவ்வடக்கம் கலைந்துவிடுகிறது. நடுக்கூடத்து இரட்டை வளைவுகளும், விருந்தினர் அறைக் கதவுகளினதும் யன்னல்களினதும் மேற் செதுக்கப்பட்ட சட்டங்களும், சீனப் பாணியை நினைந்து ஐரோப்பியர் கற்பனைசெய்த அலங்காரம் கொண்ட உணவறையும் கண்ணைப் பறிக்கின்றன. அக்காலக் குடியேற்றநாட்டு வேர்ஜீனியாவில் இத்தகைய மரவேலை அருமை. லண்டன் நகரின் நாகரிகம் புகையிலைத் தோட்டமொன்றின் நடுவே, கப்பல் கொண்டுவந்து இறக்கியதுபோல நிற்கிறது. உண்மையிற் கப்பலில் வந்தவர் அதனைச் செய்த கலைஞரே. வில்லியம் பக்லண்ட் என்னும் அவ்விளைஞர் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரிற் பிறந்தவர். 1755இல் நான்காண்டுகளுக்குத் தம்மை உழைப்பு ஒப்பந்தத்திற் பிணைத்துக்கொண்டு கடல் கடந்தார். வழிச்செலவும் உணவும் உறையுளும் ஆண்டுக்கு இருபது பவுண் ஊதியமும் அவருக்கு உறுதிசெய்யப்பட்டன. 1759இல் ஒப்பந்தம் முடிந்தபோது அப்பத்திரத்தின் பின்புறத்திலேயே மேசன் நற்சான்று எழுதிக் கொடுத்தார். பின்னர் மேரிலாந்தின் அனாபொலிஸ் நகரிற் புகழ்பெற்ற கட்டடங்களை வடிவமைத்த பக்லண்ட், 1774இல் இறந்தபோது தாமே பிணைத்தொழிலாளரையும் அடிமையாக்கப்பட்டோரையும் உடைமையாகக் கொண்டிருந்தார். பிணையிலிருந்து விடுபட்ட ஒருவர் பிணைப்பவராவதற்கு அச்சமுதாயத்திற் பதினைந்து ஆண்டுகள் போதுமாயிருந்தன. வெள்ளைத் தோலுடைய உழைப்பாளிக்குத் திறந்திருந்த அந்த வழி, அவரோடு ஒரே கூரையின் கீழ் மரம் அறுத்த கறுப்புத் தச்சர்களுக்கு மூடப்பட்டே இருந்தது.

இனி வாசலுக்கு வருவோம். இவ்வில்லத்தை வாசிப்பதற்கான திறவுகோல் அங்குதான் கிடக்கிறது.

மேசனின் மைந்தருள் ஒருவரான ஜோன் மேசன் (1766–1849) தம் முதுமையில், 1830களில், இளமைக்கால நினைவுகளை எழுதிவைத்தார். அத்தோட்டத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றிற் பெரும்பகுதி அக்குறிப்புகளிலிருந்தே பெறப்படுகிறது. நிலப்புற வாசலுக்கு எதிரே நீண்டு சென்ற செரி மரச் சாலையை அவர் விரிவாக வருணிக்கிறார். பாதையின் இருமருங்கும் இவ்விரண்டு வரிசையாக, மொத்தம் நான்கு வரிசை. அவை நடப்பட்ட விதத்தில் ஒரு நுட்பம் இருந்தது. வாசலின் நேர் நடுவில் நின்று பார்ப்பவருக்கு ஒவ்வொரு வரிசையிலும் முதல் மரம் மட்டுமே தெரியும். பின்னுள்ளவை யாவும் அதன் பின்னே மறைந்துவிடும். புதிதாய் வந்த விருந்தினரை மேசன் அவ்விடத்தில் நிறுத்தி, எத்தனை மரங்கள் தெரிகின்றன என்று கேட்பாராம். நான்கு என்பார் விருந்தினர். சற்றே ஒருபுறம் விலகி நின்று பார்க்கும்படி சொல்வாராம். விலகியதும் நெடுந்தூரம் செல்லும் மரத்திரள் முழுவதும் கண்முன் விரியும். வாதநோயால் வருந்திய, அதிகம் சிரித்தறியாத அரசியல்வாதி எனப் பெயர்பெற்ற அம்மனிதர் இவ்விளையாட்டிற் பெற்ற மகிழ்ச்சியை மகன் அன்போடு நினைவுகூர்கிறார்.

இப்பகுதியை வாசித்து இரசித்துவிட்டு மேலே செல்வோர் பலர். மரம் நடுதலில் வடிவகணிதம் பயின்றது வியப்புக்குரியதே. ஆனால் அக்குறிப்புகளில் இதனை அடுத்து வரும் பகுதிகளையும் இதனோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும். இல்லத்தின் கிழக்கே உயர்ந்த மரவேலி அடைத்த முற்றம்; அதனுள் சமையற்கட்டு, கிணறு, கோழிக்கூடுகள். அதற்கப்பாற் சோளக் களஞ்சியமும் வைக்கோற் பட்டியும் மாட்டுத் தொழுவமும் அடிமையாக்கப்பட்டோரின் குடியிருப்பும். இவை அனைத்தும் செரி மரங்களும் முசுக்கொட்டை மரங்களும் நிரையாக நின்று மறைக்கும்படி அமைந்திருந்தன என்கிறார் ஜோன் மேசன். மேற்கே புற்றரையின் ஓரமாக ஒரு காடு. அதனுள், இல்லத்திலிருந்து கண்ணுக்குப் புலப்படாத அளவு தூரத்தில் மட்டும் உள்ளே தள்ளி, ஒரு சிற்றூர். லொக் ரவுன் என்பது அதன் பெயர். செதுக்கிய பைன் மரக்குற்றிகளால் ஆன குடில்கள் என்பதால், மரக்குற்றியூர் என நாம் சொல்லலாம். தந்தையின் மெய்க்காவற் பணியாளரான ஜேம்ஸ் என்பவரும் அவர் குடும்பமும், கறுப்பினத் தச்சர்களின் குடும்பங்களும் அங்கு வாழ்ந்தன.

நான்கு மரங்களைக் காட்டி நூற்றை மறைத்த அதே அறிவுதான் வேலைசெய்வோரின் குடில்களையும் மறைத்தது. முன்னையது விளையாட்டு, விருந்தினர் ஓரடி விலகினால் வெளிப்பட்டுவிடும். பின்னையது விளையாட்டன்று. ஜேம்ஸ் காலையில் எசமானுக்கு உடை அணிவிக்க எந்த ஒற்றையடிப் பாதையால் வந்தாரோ அப்பாதை விருந்தினர் நிற்கும் இடத்திலிருந்து தெரியாது. ஓரடி அன்று, பல நூறு அடி விலகினாலும் தெரியாது. தம் தந்தையின் தோட்டத்தை ஒழுங்கின் உருவமாகக் கருதும் ஜோன் மேசன் எதனையும் அம்பலப்படுத்தும் எண்ணத்தோடு இதை எழுதவில்லை என்பதை மனங்கொள்ளல் வேண்டும். எழுதுவோனின் நோக்கை மீறி எழுத்து உண்மை பேசும் சந்தர்ப்பங்களை நாவல் இலக்கியத்தில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பழைமைவாதியான பல்சாக்கைப் பற்றி எங்கெல்ஸ் கூறியது இங்கும் நினைவுக்கு வருகிறது.

சொல் பற்றி ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் இத்துறை ஆய்வாளர் அண்மைக் காலமாக 'அடிமை' என்ற பெயரைத் தவிர்த்து, அடிமையாக்கப்பட்டவர் எனப் பொருள்படும் தொடரையே விரும்புகின்றனர். ஆங்கிலத்துக்கு அதன் தேவை எவ்வளவாயினும், தமிழுக்கு அது இன்னும் அதிகம் எனலாம். பக்தி இலக்கியத்தின் வழியே 'அடிமை' என்னும் சொல்லில் நமக்கு ஓர் இனிமையே ஏறிவிட்டது. தாமே விரும்பி ஆட்பட்ட நிலையை அது சுட்டிப் பழகிவிட்டது. மரக்குற்றியூரில் எவரும் விரும்பி ஆட்படவில்லை.

அவர்கள் செய்த தொழில்களை ஜோன் மேசன் ஒரு நீண்ட நிரலாகத் தருகிறார். தச்சர், பீப்பாய் செய்வோர், மரம் அரிவோர், கொல்லர், தோல் பதனிடுவோர், சப்பாத்துத் தைப்போர், நூற்போர், நெய்வோர், பின்னுவோர், மது வடிப்போர் ஒருவர். காட்டு மரம் கலப்பையாகவும் புகையிலைப் பீப்பாயாகவும் ஆயிற்று. மாட்டுத் தோல் காலணியாயிற்று. ஆட்டு மயிர் உடையாயிற்று. ஒரு கணக்கப்பிள்ளைகூட இன்றித் தந்தையே எல்லாவற்றையும் மேற்பார்வை செய்தார் என மகன் பெருமைப்படுகிறார். உண்மையில் இந்நிரல் ஒரு சிறு நகரத்தின் கைத்தொழில்களின் நிரலாகும். பெயர்பக்ஸ் கவுண்டியில் வாஷிங்டனுக்கு அடுத்தபடியாக அதிகமானோரை அடிமையாக வைத்திருந்தவர் மேசன். 'சார்பற்ற மனிதன்' என்னும் கருத்து அத்தகைய நிலவுடைமையாளருக்கு ஏன் இயல்பாகத் தோன்றியது என்பதை இந்நிரலே விளக்கும். பிரித்தானிய வணிகரையன்றி வேறெவரையும் சார்ந்திராத வாழ்வு ஒன்றை அவர் கண்கூடாக அனுபவித்தார். அச்சார்பின்மை நூறு பேரின் உழைப்பை முற்றுமுழுதாகச் சார்ந்திருந்தது என்பது செரி மரங்களுக்கு அப்பாலிருந்த செய்தி.

மேசனின் புகழ்பெற்ற வாக்கியத்தை இப்பின்னணியிலேயே எடுத்துக்கொள்ளல் வேண்டும். 1776 மே மாதத்தில் அவர் ஆக்கிய வரைவு, எல்லா மனிதரும் சம அளவிற் சுதந்திரமும் சார்பின்மையும் உடையவராய்ப் பிறக்கின்றனர் என்றும், தம் சந்ததியினரிடமிருந்து எந்த உடன்படிக்கையாலும் பறிக்க இயலாத இயல்பான உரிமைகள் அவர்க்கு உண்டு என்றும் தொடங்கிற்று. பேரவையில் இம்முதல் வாக்கியமே தடையாயிற்று. ரொபேட் காட்டர் நிக்கலஸ் என்பவர், இது நாட்டிற் குழப்பத்துக்கு வித்திடும் என எச்சரித்தார். அடிமையாக்கப்பட்டோர் தம்மையும் 'எல்லா மனிதரும்' என்பதனுள் அடக்கிக்கொண்டால் என்னாவது என்பதே அச்சம். நாட்கணக்கில் வாதம் நீண்டது. ஈற்றிற் கண்ட தீர்வு மிகச் சிறியது. 'பிறக்கின்றனர்' என்பது 'இயற்கையால்' என மாறிற்று. 'சமுதாய நிலையொன்றினுள் அவர்கள் புகும்போது' என்னும் ஒரு தொடர் இடையிற் செருகப்பட்டது. எட்மண்ட் பெண்டில்ரன் என்னும் சட்டத்தரணி இத்தொடரை முன்மொழிந்தவர் எனப்படுகிறார். சமுதாய ஒப்பந்தத்திற் சேர்ந்தோர்க்கே உரிமை. அடிமையாக்கப்பட்டோர் அச்சமுதாயத்தின் உறுப்பினரல்லர். ஆகவே வாக்கியம் அவரைத் தீண்டாது. 'எல்லா' என்ற சொல் அவ்வாறே நின்றது.

மேசனின் மரம் நடும் முறைக்கும் பெண்டில்ரனின் சொற்செருகலுக்கும் உள்ள ஒப்புமையை வற்புறுத்த வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வர்க்கத்தின் கைவேலை. செருகலை மேசன் விரும்பினாரா, சகித்துக்கொண்டாரா என்பது அவர் வாழ்க்கை வரலாறு எழுதுவோருக்குரிய பிரச்சினை. அவர் அதனை எதிர்த்துப் பேரவையை விட்டு வெளியேறவில்லை என்பதே நமக்குப் போதும். பதினோராண்டுகளின் பின் யாப்பை எதிர்த்து வெளியேற அவருக்குத் துணிவு இருந்தது.

மேசனை வெறும் கபடதாரி எனத் தள்ளிவிடுவோர் 1787 ஒகஸ்ட் 22ஆம் திகதிய உரையை மறந்துவிடுகின்றனர். பிலடெல்பியா மகாநாட்டில் அன்று அவர் அடிமை வணிகத்தைக் கடுமையாகச் சாடினார். அடிமைமுறை கைத்தொழிலையும் கலைகளையும் கெடுக்கிறது. வறியோர் உழைப்பை இழிவாக எண்ணப் பழகுகின்றனர். அடிமைகளை உடைய ஒவ்வொருவனும் சிறு கொடுங்கோலனாகவே பிறக்கிறான். நாடுகள் செய்யும் பாவத்துக்கு மறுமையில் தண்டனை இல்லையாதலால் இம்மையிலேயே அது வந்துசேரும் என்றார். அம்மகாநாட்டில் அடிமைமுறைக்கு எதிராக ஒலித்த மிகக் கடுமையான உரைகளுள் அது ஒன்று. உரையாற்றியவரோ அன்று அவ்வவையிலிருந்த பெரும் அடிமையுடைமையாளருள் ஒருவர்.

அவ்வுரைக்கு அங்கேயே கிடைத்த இரு மறுமொழிகள் சிந்தனைக்குரியன. கனற்றிக்கட்டைச் சேர்ந்த ஒலிவர் எல்ஸ்வேர்த், தாம் எவரையும் அடிமையாக வைத்திராதவர் என்ற எள்ளலோடு தொடங்கி, ஒழுக்க நோக்கில் பார்ப்பதாயின் ஏற்கெனவே நாட்டிலிருப்போரையும் விடுதலை செய்தலன்றோ முறை எனக் கேட்டார். தென் கரோலினாவின் சார்ள்ஸ் கோட்ஸ்வேர்த் பிங்க்னி இன்னும் வெளிப்படையானவர். இறக்குமதியை நிறுத்துவதால் வேர்ஜீனியாவுக்கு இலாபமே. தேவைக்கு மிஞ்சிய அடிமைகள் அங்குண்டு. இறக்குமதி நின்றால் அவர்களின் விலை ஏறும் என்றார். வர்க்க நலனை இவ்வளவு தெளிவாக எடுத்துரைக்க அன்று ஓர் அடிமையுடைமையாளரே தேவைப்பட்டார். அடுத்த ஆண்டு வேர்ஜீனியாவில் யாப்பை எதிர்த்து வாதிட்டபோது மேசன் இரண்டு குறைகளை ஒரே மூச்சிற் சொன்னார். அடிமை வணிகத்தை இருபது ஆண்டுகளுக்கு யாப்பு அனுமதிக்கிறது என்பது ஒன்று. ஏற்கெனவே நம்மிடமுள்ள அடிமைச் சொத்துக்கு அது பாதுகாப்புத் தரவில்லை என்பது மற்றொன்று. முதலாவதை அவரின் மனச்சாட்சி என்றும் இரண்டாவதை அவரின் பணப்பை என்றும் பிரித்துக் காண்பது எளிது. ஆனால் அவர் குரலில் அவை பிரிந்திருக்கவில்லை. 1773இல் எழுதிய மரணசாசனத்தில் மனிதரைப் பெயர் சுட்டித் தம் பிள்ளைகளுக்குப் பங்கிட்ட அவர், இறக்கும்வரை அவ்வேற்பாட்டை விடுதலையாக மாற்றவில்லை. அயலவரான வாஷிங்டனாவது தம் சாசனத்தில் தமக்குரியோரின் விடுதலைக்கு வழிசெய்தார்.

இல்லத்தின் பிற்கால வரலாற்றை விரைந்து கடந்துவிடலாம். உள்நாட்டுப் போரை அடுத்து அது மேசன் குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. 1912இல் லூயிஸ் ஹேர்ட்டில் என்பவர் வாங்கிப் புதுப்பித்து, 1932இல் வேர்ஜீனிய மாநிலத்துக்கு நன்கொடையாக எழுதிவைத்தார். குடியேற்றநாட்டுக் கால வம்சாவளியினரான பெண்களின் சங்கமொன்று நிருவாகப் பொறுப்பை ஏற்க, 1952இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. யார் பேணுகின்றனர் என்பது எது பேணப்படும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கும். செங்கல்லும் செதுக்கு வேலையும் நின்றன. பைன் மரக்குற்றிகள் மண்ணோடு மண்ணாயின. இவ்வகை இல்லங்கள் பலவற்றிலும் அண்மைத் தசாப்தங்களில் அடிமையாக்கப்பட்டோரின் வாழ்வு பேசப்படத் தொடங்கியுள்ளது. கன்ஸ்ரன் ஹோலும் விலக்கன்று. இதனை வரவேற்கிறோம். எனினும், முதலில் எசமானின் அறைகளைப் பார்த்துவிட்டுப் பின்னர் பணியாளரின் இருப்பிடம் பற்றிக் கேட்கும் வரிசைமுறை இருக்கும்வரை, பார்வையாளர் நிற்குமிடம் அந்த வாசலின் நடுவே ஆகும். மேற்கிலுள்ள காட்டிலிருந்து, ஜேம்ஸ் வந்த திசையிலிருந்து, இல்லத்தை நோக்கி நடந்துவரச் செய்தாலென்ன என்று நமக்குத் தோன்றிற்று.

இவ்வளவுடன் நின்றால், தொடக்கத்திற் சொன்ன இரண்டாவது வகைக் கட்டுரையைச் சற்று நீட்டி எழுதியவராவோம். 'உரிமை' என்பது உடைமையாளரின் ஏமாற்று. 'எல்லா மனிதரும்' என்பது மூடுதிரை. ஆகவே அப்பிரகடனங்களால் நமக்கு ஆவதொன்றில்லை என முடிக்கலாம். முற்போக்கு விமரிசனத்தில் இம்முடிவு பலகாலம் எளிதிற் கைகொடுத்துவந்துள்ளது. ஆனால் மேசனின் வாக்கியத்துக்குப் பின்னர் நேர்ந்தது இம்முடிவுக்கு இசையவில்லை.

செருகல் நிகழ்வதற்கு முன்னரே, குழுவின் வரைவு பென்சில்வேனியப் பத்திரிகைகளில் அச்சாகிவிட்டது. பிற மாநிலத்தவர் வாசித்ததும் தழுவியதும் அந்தப் பழைய வடிவத்தையே. பென்சில்வேனியா அதே ஆண்டில் 'பிறக்கின்றனர்' என்னும் சொல்லோடு அதனை ஏற்றது. 1777இல் வேர்மொண்ட் அதே வாக்கியத்தை எடுத்து, 'ஆகவே' எனத் தொடர்ந்து, வயதுவந்த எவரையும் அடிமையாக வைத்திருத்தல் தகாது என்ற முடிவை அதிலிருந்தே பெற்றது. மசசூசெட்ஸ் யாப்புக்காக ஜோன் அடம்ஸ் 1779இல் எழுதிய வரைவிலும் மேசனின் சொற்களே ஒலிக்கின்றன. 1780இல் நிறைவேறியபோது, எல்லா மனிதரும் சுதந்திரராகவும் சமமானவராகவும் பிறக்கின்றனர் என அது அமைந்தது. சமுதாய நிலையிற் புகுவது பற்றிய தொடர் இவற்றில் இல்லை.

செருகப்பட்ட தொடர் வெறும் அலங்காரமன்று என்பதை வேர்ஜீனியா 1806இற் காட்டிற்று. தாமும் தம் பிள்ளைகளும் சுதந்திரர் என ஜக்கி ரைட் என்னும் பெண் தொடுத்த வழக்கில், உரிமைப் பிரகடனத்தின்படி சுதந்திரம் எல்லா மனிதரின் பிறப்புரிமை என நீதிபதி ஜோர்ஜ் வைத் தீர்ப்பளித்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம், அவர்கள் அமெரிக்க ஆதிகுடிப் பெண்வழி வந்தோர் என்னும் காரணத்தால் விடுதலையை உறுதிசெய்தது. வைத் காட்டிய காரணத்தை மட்டும் நிராகரித்தது. சொத்துரிமையைப் பக்கவாட்டிலிருந்து கவிழ்த்துவிடாதபடி விழிப்போடு எழுதப்பட்ட வாக்கியம் அது என நீதியரசர் சென்ற் ஜோர்ஜ் ரக்கர் விளக்கினார். அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கவேண்டுமென நூலெழுதியவர் ரக்கர் என்பதையும் இங்கு குறிப்பிடல் தகும்.

இனி மசசூசெட்ஸ். அம்மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள ஷெபீல்ட் என்னும் ஊரில், 1735இற் கட்டப்பட்ட ஆஷ்லி இல்லம் உள்ளது. கன்ஸ்ரன் ஹோலைப் பார்த்தவர்க்கு இது அழகாற் கவரும் வீடன்று. பலகைச் சுவர் கொண்ட எளிய இரண்டு மாடி வீடு, அதுவும் 1930 அளவில் பழைய இடத்திலிருந்து சிறிது தூரம் நகர்த்தப்பட்டது. ஆயினும் அமெரிக்க அரசியலின் தொடக்கத்தோடு அதற்கும் உறவுண்டு. 1773 சனவரியில் அவ்வில்லத்திற் கேணல் ஜோன் ஆஷ்லியின் தலைமையில் பதினொருவர் கொண்ட குழு கூடி, மனிதகுலம் இயற்கை நிலையிற் சமமும் சுதந்திரமும் உடையது என்னும் தீர்மானங்களை வகுத்தது. அவற்றை எழுதியவர் தியோடோர் செட்ஜ்விக் என்னும் இளஞ் சட்டத்தரணி. மசசூசெட்ஸிலும் மனிதர் சொத்தாக இருந்த காலம் அது. பெற் என அழைக்கப்பட்ட கறுப்பினப் பெண்ணொருவர் அவ்வீட்டில் அடிமையாக்கப்பட்டிருந்தார்.

எழுத்தறியாதவரான பெற், பிரகடனம் வாசிக்கப்பட்டதைக் காதாற் கேட்டு, மறுநாள் செட்ஜ்விக்கிடம் சென்று, அந்தச் சட்டம் எனக்கும் சுதந்திரம் தராதா என்று கேட்டதாகச் செட்ஜ்விக் குடும்பத்தார் எழுதிவைத்துள்ளனர். 1781இல் பெற்றும், ஆஷ்லியின் கீழிருந்த புறொம் என்னும் ஆடவரும் வழக்காடினர். ஆஷ்லி அக்கவுண்டியின் நீதிபதியாக இருந்தவர். யூரிமார் இருவரும் ஆஷ்லியின் அடிமைகளல்லர் எனக் கண்டு முப்பது ஷிலிங் நட்டஈடும் விதித்தனர். ஆஷ்லி மேன்முறையீடு செய்தார், பின்னர் கைவிட்டார். அதே காலத்துக் குவொக் வோக்கர் வழக்குகளும் சேர, 1790ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மசசூசெட்ஸிலே அடிமைகள் எவரும் கணக்கிடப்படாத நிலை உருவாயிற்று.

ஒரு சொல்லின் இன்மை ஒரு மாநிலத்தில் அடிமைமுறையை ஒழித்ததென்றும், ஒரு தொடரின் செருகல் மற்றொன்றில் அதனை நிலைநிறுத்தியதென்றும் எவரும் இதிலிருந்து முடிவுகட்டலாகாது. மசசூசெட்ஸின் சிறு பண்ணைகளும் கப்பற்றொழிலும் அடிமை உழைப்பில் தங்கியிருக்கவில்லை. வேர்ஜீனியாவின் புகையிலை முழுக்க முழுக்கத் தங்கியிருந்தது. உற்பத்தி உறவுகளின் இவ்வேறுபாடே அடிப்படை. ஆனால் அடிப்படை தானாகச் சென்று சட்டத்தரணியின் கதவைத் தட்டுவதில்லை. தட்டியவர் ஒரு பெண். தட்டியபோது அவர் கையில் ஏந்திச் சென்றது, தெற்கே ஒரு தோட்டத்துரை தம் போன்றோருக்காக எழுதிய வாக்கியத்தின் வழிவந்த ஒரு வாக்கியம். மேசன் அவரை எண்ணி அதனை எழுதவில்லை. அவரைப் போன்றோர் வாசித்துவிடக்கூடும் என்று அஞ்சிய நிக்கலஸ், அவ்வகையில் வாக்கியத்தின் பொருளை ஆக்கியோனிலும் நன்கு அறிந்திருந்தார் எனலாம்.

விடுதலைக்குப் பின் பெற், எலிசபெத் பிறீமன் எனத் தமக்குப் பெயரிட்டுக்கொண்டார். கூலிக்கு வரும்படி ஆஷ்லி அழைத்தும் அவ்வீட்டுக்குத் திரும்பவில்லை. செட்ஜ்விக் குடும்பத்தில் ஊதியம் பெற்று உழைத்து, பின்னர் தமக்கென நிலமும் வீடும் வாங்கி, 1829இற் காலமானார். அவர் வளர்த்த பிள்ளைகளுள் ஒருவரான நாவலாசிரியை கத்தரின் செட்ஜ்விக் 1853இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஒரு சம்பவம் உண்டு. ஆஷ்லி வீட்டுச் சமையலறையில், எசமானி பழுக்கக் காய்ந்த அடுப்புக் கரண்டியை இன்னொரு பெண்மீது ஓங்கியபோது, பெற் குறுக்கே கையை நீட்டித் தாம் அவ்வடியை ஏற்றார். எலும்புவரை பட்ட காயம். அக்குளிர்காலம் முழுவதும் அவர் கையைத் துணியால் மூடவில்லை. விருந்தினர் கண்டு, கைக்கு என்ன நேர்ந்தது என எசமானியின் முன்னிலையிலேயே கேட்பர். அம்மாவைக் கேளுங்கள் என்பாராம்.